கிழியாத பக்கம்

போன மாதம் ஒரு காலையில் லாவண்யா போன் செய்தாள். சித்தூரில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நூலகத்துக்கு இப்போது அவள்தான் நூலகர். நல்ல பெண். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கிற வழக்கம் அவளிடம் இருக்கிறது.

“சார், நம்ம இங்கிலீஷ் நாவல் ரேக்ல பக்கம் கிழிஞ்ச புக் ஏதாவது இருக்குதா?”

“எந்த நாவல்?”

“ஒரு கப்பல் சார். ஆகாசத்துல போற கப்பல். பூமியை விட்டுக் கிளம்பினா திரும்பியே வராது. அந்தக் கதை. நகரியில இருந்து ஒருத்தர் வந்திருந்தாரு, ஸ்ரீசிட்டியில ஃபேக்டரி வேலையாம். அந்தக் கப்பல்ல ஒரு அம்மா, வடக்கு எந்தப் பக்கம்னு சொன்னாதான் குழந்தையைப் படுக்க வெப்பேன்னு கேப்டன்கிட்ட சண்டை போடுதாம். அந்தப் பக்கம் வேணும்னாரு. நான் முழுக்கத் தேடிட்டேன், அப்படி ஒண்ணுமே இல்ல. பக்கமும் எண்ணிட்டேன், சரியாதான் இருக்குது.”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். “அவருக்கு யார் சொன்ன கதை?” என்றேன்.

“அவரோட நைனா சொன்னாராம். நைனாவுக்கு வடமாலபேட்டை லைப்ரரியில முனிரத்தினம் சார் சொன்னாராம். ரொம்ப நல்லா கதை சொல்லுவாராமே அவரு? உங்களுக்குத் தெரியுமா சார்?”

தெரியும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். என் மனைவி பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள். போட்டிருந்தேன்.

ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தாருங்கள், நூலகச் சுவர்ப் பலகையில் ஒட்டுகிறோம் என்று லாவண்யா முன்பே கேட்டிருந்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. முனிரத்தினம் இறந்து வருஷங்கள் ஆகின்றன. செத்தவன் மேல் பொறாமைப்படுகிறான் பார் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த அம்மாளையும் குழந்தையையும் அந்தக் கப்பலில் ஏற்றியது அவன் இல்லை. நான்.

நகரிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. என் நைனாவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஊரார் கரும்பை வெட்டி என்னைப் படிக்க வைத்தார். திருப்பதியில் நூலக அறிவியல் படித்தேன், சித்தூரில் வேலை கிடைத்தது. என்னோடு அதே நாளில் அதே வேலையில் சேர்ந்தவன் முனிரத்தினம். ஒரே படிப்பு, ஒரே சம்பளம். ஆனால் முதல் நாள் மத்தியானத்துக்குள் டீக்கடைக்காரர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவன் பெயர் தெரிந்திருந்தது. என்னைச் சாயங்காலம் வரை யாரோ மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் என்றே நினைத்திருந்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு.

எங்கள் மேலதிகாரி சுசீலா மேடம். தெலுங்குக்காரர், எங்களோடு தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அட்டெண்டர் வரை எல்லோருக்கும் மரியாதையாகக் ‘காரு’ போட்டுத்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைப்பார், அவ்வளவுதான். கண்ணாடி மடிந்தது என்றால் மொத்த ஆபீஸும் மூச்சை அடக்கிக்கொள்ளும். புதுப் புத்தகத்தைத் திறப்பது எப்படி என்று எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். முன்னாலிருந்து சில தாள், பின்னாலிருந்து சில தாள், மாற்றி மாற்றிக் கட்டைவிரலால் தடவிவிட வேண்டும். நடுவில் பிளந்தால் முதுகு உடைந்துவிடும். எனக்கு அது ஒரே தடவையில் கைவந்தது. முனிரத்தினம் கடைசி வரை நடுவில்தான் பிளந்தான்.

அந்த நாவல்கள் எங்களுக்கு வந்தது மாம்பழப் பெட்டிகளில். வெளிநாட்டில் இன்ஜினியராக இருந்து ஊர் திரும்பிய ஒருவர் இறந்துபோக, அவருடைய பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டுப் புத்தகங்களை எங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். சித்தூரில் காலிப் பெட்டிக்குப் பஞ்சமா? மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் போன நூற்றாண்டு இங்கிலீஷ் நாவல்கள். முக்கால்வாசி விஞ்ஞானக் கதைகள். அட்டைகளைப் பார்க்க வேண்டுமே! ராக்கெட்டுகள், கண்ணாடிக் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்ட பெண்கள், நெற்றியில் ஒற்றை விளக்கு எரியும் இரும்பு மனிதர்கள். எல்லாவற்றிலும் பங்கனபள்ளி வாசனை.

மெல்லிய அட்டைப் புத்தகம் கையில் நிற்காது, ஆகவே பைண்டிங் போக வேண்டும் என்பது எங்கள் நூலக வழக்கம். பைண்டர் அந்த அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே காவி நிறக் காலிகோத் துணியில் உடை தைத்துவிட்டார். முதுகில் வெள்ளை பெயிண்டில் எண். ராக்கெட்டும் பெண்ணும் இரும்பு மனிதனும் போய், ரேக் முழுக்க வருவாய்த் துறைக் கோப்புகள் மாதிரி ஆகிவிட்டன.

பதிவு, பகுப்பு, அட்டவணை எல்லாம் என் வேலை. உள்ளறையில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை. புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டர் முனிரத்தினத்துக்கு. “அவருக்கு ஜனங்களோட பேச்சு வரும், உங்களுக்குப் புத்தகத்தோட வரும்” என்றார் மேடம். பாராட்டு மாதிரித்தான் சொன்னார். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாவல்களை ஒன்றுவிடாமல் படித்தேன். தெலுங்கு மீடியத்தில் படித்தவனுக்கு அது லேசா? மடியில் அகராதி, கையில் நாவல். விடியற்காலையில் ஒரு பக்கம், ஆபீஸுக்குக் கிளம்புமுன் ஒரு பக்கம். ஒரு நாவலுக்கு ஒரு மழைக்காலம் போய்விடும். எந்தக் கிரகத்தில் யார் இறங்கினார்கள், எந்த இயந்திரம் யாரை ஏமாற்றியது என்று கேட்டிருந்தால் வரி பிசகாமல் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

எல்லோரும் அவனைத்தான் கேட்டார்கள். கோர்ட் குமாஸ்தாக்கள், பஸ் கண்டக்டர்கள், மாம்பழக் கூழ் ஃபேக்டரி ஆட்கள், கல்லூரிப் பையன்கள். பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தட்டித்தடவித்தான் வரும். முனிரத்தினம் ஒரு காவிப் புத்தகத்தை உருவுவான். உள்ளங்கையில் தட்டுவான். தமிழும் தெலுங்கும் கலந்து ஆரம்பிப்பான்.

“ஒரு ஊர்ல ஒரு இரும்பு மனுஷன் இருந்தான்பா. அவனோட எஜமான் வாராவாரம் முடி வெட்டிக்கினு வருவாரு. இவனும் கூடவே போவான். எஜமான் ஒருநாள் செத்துப் போயிட்டாரு. இவன் மட்டும் விடாம வாராவாரம் கடைக்குப் போய் நாற்காலியில உக்காருவான். பார்பரும் பாவம்னு துண்டைப் போத்தி, சும்மா கத்திரியைச் சத்தம் பண்ணிக்கினு நிப்பாரு. ஒருநாள் துண்டை உதறறாரு. கீழ ஒரே ஒரு முடி விழுந்துகிது.”

“அப்புறம்?”

“அப்புறம் உள்ள இருக்குது. எடுத்துக்கினு போ.” சீல் விழும். புத்தகம் போய்விடும்.

கவுண்டரில் கூட்டம் கலையாது. உள்ளறையிலிருந்து எனக்கு அவன் குரலும் அவர்களுடைய ‘அப்புறமும்’ மட்டும் கேட்கும். வயிறு எரியும். அவனுக்கு இருந்த தொண்டை எனக்கு இல்லையே என்று இல்லை. நான் படித்த புத்தகத்தை அவன் கொடுக்கிறானே என்றுதான். அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கண் போனது எனக்கு, நன்றி போனது அவனுக்கு.

பிறகு புகார்கள் வர ஆரம்பித்தன. பக்கம் கிழிந்திருக்கிறது என்ற புகார். கோர்ட் குமாஸ்தா ஒருவர்தான் முதலில் வந்தார். புத்தகம் முழுக்கப் படித்துவிட்டாராம், பார்பர் கடை வருகிற பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்களாம். “எந்தத் துப்புக்கெட்டவன் சார் கிழிச்சான்? அந்த முடி எப்படி வந்துச்சின்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரல” என்றார்.

புகார் வந்தால் அதற்கு ஒரு முறை உண்டு. வாசகரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து எண்ண வேண்டும். எங்கள் சீல் தலைப்புப் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் இருக்கும். நடுவில் ரகசியப் பக்கம் என்று ஒன்று, ஊழியர்களுக்கு மட்டும் தெரிந்தது, அதிலும் இருக்கும். மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, தையல் ஓரத்தில் தாள் உருவிய தழும்பு உண்டா என்று விரலால் தடவி, எல்லாம் ஒழுங்கு என்றால் கடைசித் தாளில் ‘பக்கங்கள் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது என் வேலை. அடுத்தடுத்து எண்ணினேன். ஒரு தாள்கூடக் குறையவில்லை. வாசகர்கள் என் விரலையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நானே கிழித்து ஒளித்து வைத்த மாதிரி. ‘பக்கம் எண்றவரு’ என்று எனக்குப் பெயர் வந்தது.

அந்த இரும்பு மனிதன் நாவலை நான் படித்தவன். அதில் பார்பர் கடையும் கிடையாது, முடியும் கிடையாது. அவன் சொன்ன மற்றக் கதைகளையும் காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றுகூட அந்தந்தப் புத்தகத்தில் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நேரே மேடத்திடம் போனேன்.

மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நாவலைத் திறந்து வைத்துக்கொண்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு, “செப்பண்டி முனிரத்தினம்காரு, கவுண்டர்ல சொல்ற மாதிரியே” என்றார். அவன் கொஞ்சமும் அசரவில்லை. ஆரம்பித்துவிட்டான். மேடத்தின் பென்சில் முதலில் வரிகளின் மேல் ஓடியது. எஜமான் செத்ததும் பென்சில் நின்றது. துண்டு உதறும்போது அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. டீ கொண்டு வந்த அட்டெண்டர் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டார். டீயில் ஆடை படிந்தது.

கதை நின்றது. பிறகு மேடம், “பாகுந்தி” என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நான் எழுதிய ஒரு அட்டவணைக்கும் அந்தச் சொல் விழுந்ததில்லை. “ஆனா இந்தப் புக்ல லேது. எங்கேர்ந்து வந்துச்சு?”

“அட்டையில இருந்து மேடம்,” என்றான் முனிரத்தினம்.

“அட்டையிலயா?”

“பைண்டர் கிழிச்சிப் போட்டாரே, அதெல்லாம் நான் எடுத்து வெச்சிக்கினேன். இந்தப் புக்கோட அட்டையில ஒரு இரும்பு மனுஷன் நாற்காலியில உக்காந்துகினு இருந்தான். பின்னால ஒருத்தன் கத்தியோட நின்னுகினு இருந்தான்.”

“அது ஆபரேஷன்,” என்றேன் நான். “ஆராய்ச்சிக்கூடத்தில் அவனைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். கவுண்டரில் உட்கார்ந்து ஒருவர் சொல்வது நூலகமே சொல்வது மாதிரி. புத்தகத்தில் இருந்தால் சொல்லலாம், இல்லாததைச் சொல்லக் கூடாது. இன்னொரு தடவை இப்படிப் புகார் வந்தால் சொன்னவர் சித்தூரில் இருக்க முடியாது, கிளைக்குப் போக வேண்டியதுதான் என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான். நான் கதவருகே போனதும் மேடம் கூப்பிட்டார்.

“ஏகாம்பரம்காரு, மீரு கரெக்ட், நீங்க சொன்னது கரெக்ட்,” என்றார். ‘கரெக்ட்’ என்ற சொல்லை அவ்வளவு சோகமாக ஒருவர் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அதன் பிறகு முனிரத்தினம் புத்தகத்தில் இருந்ததை மட்டும் சொன்னான். கூட்டம் குறைந்தது. நான் ஜெயித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் போகிறவர்கள் என் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கோடையில் அவன் தன் மகனுக்கு மொட்டை போடத் திருமலைக்குப் போனான். கவுண்டரில் என்னை உட்கார வைத்தார்கள். கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிற ஒருவர் ஷிப்டு முடிந்து வந்தார். உடம்பெல்லாம் மாம்பழ வாசனை.

“அவரு இல்லியா?” என்றார்.

“இல்லை. என்ன வேண்டும்?”

“ஒரு கதை புக்கு. இன்னா கதைன்னு கொஞ்சம் சொல்லிக் குடு சார்.”

நான் அந்தக் கப்பல் நாவலை எடுத்தேன். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பூமியிலிருந்து கிளம்பும் கப்பல், போகிறவர்கள் திரும்ப மாட்டார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் போய்ச் சேருவார்கள். வரி பிசகாமல் சொன்னேன். இன்ஜின் எப்படிப்பட்டது, எத்தனை அடுக்கு, கேப்டனின் பூர்வீகம் என்ன என்று எல்லாம் சொன்னேன். அவர் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார். அவர் கண் முனிரத்தினத்தின் காலி நாற்காலிக்குப் போனது.

அந்தப் பார்வைதான் என்னைக் கொளுத்தியது. காலி நாற்காலியாக இருந்தும் ஜெயிக்கிறானே இவன்!

அந்த வாரம்தான் நாங்கள் வீடு மாறியிருந்தோம். புது வீட்டில் திசை பிடிபடவில்லை. வடக்கே தலை வைத்துக் குழந்தையைப் போடக் கூடாதே என்று என் மனைவி எங்கள் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, ‘வடக்கு எது, சொல்லுங்க’ என்று என்னை அறை அறையாக நடக்க வைத்தாள். எனக்கு வாயில் அதுதான் வந்தது.

“அந்தக் கப்பலில் ஒரு அம்மா ஏறினாள்,” என்றேன். “கைக்குழந்தைக்காரி. கேப்டனிடம் போய், வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். குழந்தையைப் படுக்க வைக்க வேண்டும்.”

துண்டைச் சரிசெய்த கை நின்றது.

“ஆகாசத்தில் ஏது வடக்கு? கேப்டனுக்கு நட்சத்திரமெல்லாம் தெரியும், வடக்கு தெரியவில்லை. இன்ஜினியர்களைக் கேட்டார். அவர்களுக்கும் தெரியவில்லை. அவள் குழந்தையைக் கீழே விடவே இல்லை. தோளிலேயே போட்டுக்கொண்டு கப்பல் முழுக்க நடந்தாள்.”

“அப்புறம்?” என்றார் அவர். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த ‘அப்புறம்’ என்னிடம் கேட்கப்பட்டது. இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த சொல்.

“அப்புறம் கேப்டன் ஒரு சாக்பீஸை எடுத்தார். தரையில் நீளமாக ஒரு கோடு போட்டார். இதுதான் வடக்கு என்றார். அவள் கோட்டைப் பார்த்தாள், கேப்டன் முகத்தைப் பார்த்தாள், குழந்தையைக் கிழக்கே தலை வைத்துப் படுக்க வைத்தாள். அன்று முதல் கப்பலில் எல்லோரும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் படுத்தார்கள். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் கோட்டைக் காணோம். யாரோ அழித்துவிட்டார்கள்.”

“யாரு சார்?”

“உள்ளே இருக்கிறது,” என்று சொல்லிச் சீல் போட்டேன். அன்று சாயங்காலம் மனைவிக்கு மல்லிகைப் பூ வாங்கிப் போனேன். என்ன விசேஷம் என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

கூழ் ஃபேக்டரிக்காரர் புத்தகத்தோடு திரும்பி வந்த அன்று முனிரத்தினம் கவுண்டரில் இருந்தான். நான் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். மேடமும் ஏதோ கேட்க அங்கே வந்திருந்தார்.

“சார், இதுல பக்கம் கிழிஞ்சிகிது. குழந்தையை வெச்சிக்கினு வடக்கு எங்கன்னு கேக்குமே ஒரு அம்மா, அது வரவே இல்ல” என்றார் கூழ் ஃபேக்டரிக்காரர்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “யாரு சொன்னது உங்களுக்கு?”

அவர் கை மெல்ல என் பக்கம் எழுந்தது. நான் அட்டைப்பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“நான்தான் மேடம் சொன்னேன்,” என்றான் முனிரத்தினம். “நீங்க போங்கண்ணா, வேற புக் பாருங்க.” அவருடைய கையை அப்படியே பிடித்து ரேக் பக்கம் திருப்பி விட்டான்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மேடத்தின் கண்ணாடி மடிந்துவிட்டது. வடமாலபேட்டைக் கிளைக்கு அவனுக்கு உத்தரவு வந்தது. போகிற அன்று மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“அந்த வடக்கு... நல்லாகிதுபா அது. எடுத்துக்கினேன்.”

இதைப் பல வருஷம் கழித்து என் மனைவியிடம் சொன்னேன். “பாவம், உங்களைக் காப்பாத்திட்டுப் போயிருக்காரு மனுஷன். நீங்க இன்னான்னா பொருமிக்கினு இருக்கீங்க” என்றாள். காப்பாற்றினானாம்! காப்பாற்றியவன் அதை அங்கேயே விட்டுவிட்டல்லவா போயிருக்க வேண்டும்? எடுத்துக்கொண்டு போய், வடமாலபேட்டையில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னான். நகரி நெசவாளிகள் திருப்பதிக் கடைகளுக்குச் சேலை கொண்டுபோகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி அவனிடம் கதை கேட்டுவிட்டுப் போனார்கள். கிளையில் இங்கிலீஷ் நாவல் ஏது? புத்தகத்துக்கு என்னிடம் வந்தார்கள். “வடமாலபேட்டை சார் சொன்னாரு, அந்த வடக்கு கதை புக்கு” என்பார்கள். கொடுப்பேன். சில வாரம் கழித்துப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று வருவார்கள். உட்கார வைத்து எண்ணுவேன். ‘பக்கங்கள் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்த ஒரு நாவலின் கடைசித் தாளில் என் கையெழுத்துக்கு இடமில்லாமல் போய் வேறு தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

அது என் கதை என்று ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. இல்லாததைச் சொல்கிறான் என்று எழுந்து போய்ப் புகார் சொன்னவன் நான்தானே! அவனுக்குக் கிடைத்த கைதட்டலும் என்னுடையது, அவனுக்குக் கிடைத்த தண்டனையும் என்னுடையது. இரண்டையும் அவனே வாங்கிக்கொண்டான். தண்டனை மேல்கூடப் பொறாமைப்பட முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவன் அந்தக் கதையைச் சொல்லி நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. வாசகர் யாராவது என்னிடம் ஆரம்பித்தால், ‘தெரியும், தெரியும்’ என்று புத்தகத்தை நீட்டிவிடுவேன். அவன் சாவுக்குப் போயிருந்தேன். வாசலில் பந்தலுக்குக் கீழே ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ‘அந்த வடக்கு...’ என்று ஆரம்பித்ததும் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

இப்போது லாவண்யாவின் போன். அந்த நகரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாராம், நீங்களும் வர முடியுமா சார் என்று இரண்டாம் தடவை கூப்பிட்டாள். போனேன். இஸ்திரி போட்ட சட்டை, புதுச் செருப்பு. இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று தீர்மானம். மேடம் இல்லை, முனிரத்தினம் இல்லை, கண்ணாடி மடிக்க யாரும் இல்லை.

வந்தவர் பெயர் கஜேந்திரன். நாற்பதை ஒட்டிய வயது. கழுத்தில் ஃபேக்டரி அட்டை தொங்கியது. அவருடைய நைனா தறி நெய்தவர், போன வருஷம் தவறிவிட்டாராம்.

“சின்ன வயசுல ஸ்கூல் லீவுன்னா இந்தக் கதைதான் சார் எங்க வீட்ல. இப்ப எம் பொண்ணு கேக்குது. சரி, புத்தகத்துல எப்படி இருக்குதுன்னு ஒருவாட்டி படிச்சிப் பாக்கலாம்னு வந்தேன்” என்றார்.

“எங்கே, உங்கள் நைனா சொன்னதைச் சொல்லுங்கள்,” என்றேன். உட்கார்ந்து கேட்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சொன்னார். முனிரத்தினத்தின் குரல் அப்படியே இருந்தது அதில். அந்த அம்மாளுக்கு ஒரு மாமியார் முளைத்திருந்தாள். கேப்டனுக்கு மீசை. குழந்தை அழுகிற அழுகையில் கப்பலே குலுங்கியது. நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எங்கெங்கோ வலித்தது.

“கடைசியில கேப்டன் கையை நீட்னாராம் சார். அதோ, அந்தப் பக்கம்தான் வடக்குன்னு. அந்த அம்மா குழந்தையைப் படுக்க வெச்சிடுச்சாம். அவ்ளோதான்.”

“கையையா நீட்டினார்?”

“ஆமா சார்.”

“சாக்பீஸ்?”

“இன்னா சாக்பீஸ்?”

அன்று கவுண்டரில் கூழ் ஃபேக்டரிக்காரர் சொன்னது அந்த அம்மாளை மட்டும். வடக்கு கேட்டாள், பக்கம் இல்லை, அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் மேடம் குறுக்கே பேசிவிட்டார், முனிரத்தினம் அவரை ரேக் பக்கம் தள்ளிவிட்டான். சாக்பீஸ் அவன் காதுக்குப் போகவே இல்லை! கேள்வியை எடுத்துக்கொண்டு போனவன், பதிலுக்குத் தானே ஒரு கையைச் செய்து நீட்டியிருக்கிறான். இத்தனை வருஷம் முழுக்கப் போய்விட்டது என்று நான் எரிந்துகொண்டிருந்தேன்.

“கை இல்லை,” என்றேன். “கையால் காட்டினால் அடுத்த நாள் யாருக்குத் தெரியும் எந்தப் பக்கம் என்று? கேப்டன் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். எல்லோரும் அதைப் பார்த்துத்தான் படுத்தார்கள்.”

கஜேந்திரன் யோசித்தார். “சாக்பீஸ்னா அழிஞ்சிடுமே சார்?”

“அழிந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் கோட்டைக் காணோம்.”

லாவண்யா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பினாள். கஜேந்திரன் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

“யாரு சார் அழிச்சது?”

காவிப் புத்தகத்தை எடுத்து உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினேன். “உள்ளே இருக்கிறது. எடுத்துக்கொண்டு போங்கள்.”

“அந்தப் பக்கம்தான் கிழிஞ்சிகிதே சார்.”

“முழுக்கப் படித்துப் பாருங்கள்,” என்றேன். லாவண்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் அவள்தான் பலகையில் ஒட்டப் போகிறாள், பார்க்கட்டும்.

அவர் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “சாக்பீஸ்தான் சார் நல்லாகிது. பொண்ணுக்கு இனிமே இப்படியே சொல்லிடறேன்.”

“சொல்லுங்கள். யார் சொன்ன கதை என்று சொல்வீர்கள்?”

“இது இன்னா சார் கேள்வி? முனிரத்தினம் சார் கதைன்னுதான். வேற யாரு?”

அவர் படியிறங்கிப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெயர் அவனுடையதாகவே இருக்கட்டும். சாக்பீஸ் என்னுடையது.